கட்டியை எடுங்கள், கிட்னியை விட்டுவையுங்கள்

இடது சிறுநீரகத்தில் இருக்கும் நீர்க்கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் அட்மிஷன். விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து ஸ்டாஃப் ரூமில் ஒரு விசாரணை, வீட்டில் ஒரு விசாரணை, போனில் ஒரு விசாரணை. எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "கேன்சரா, இல்லையா?" தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். "தெரியாமலே எதுக்கு எடுக்கணும்?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். லிங்க் அனுப்பினாலும் பாதிப் பேர் படிக்காமல் "என்னாச்சு, நீயே சொல்லு" என்றுதான் போன் போடுவார்கள், பரவாயில்லை.

இது கண்ணில் பட்டதே தற்செயல். சாப்பிட்டால் மேல்வயிற்றில் வலி, பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று எங்கள் தெரு டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டர். பித்தப்பை சுத்தமாக இருந்தது. ஆனால் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா இடது பக்கம் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார், ஜெல்லை இன்னும் கொஞ்சம் ஊற்றி, கருவியை விலா எலும்புக்குக் கீழே அழுத்தி, "மூச்ச இழுத்துப் பிடிங்க, விடுங்க, திரும்பிப் படுங்க, மறுபடி பிடிங்க" என்று திரும்பத் திரும்ப. அதுவரை பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஏதோ சீட்டுக் கம்பெனி பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். ரிப்போர்ட்டில், இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 3.6 சென்டிமீட்டரில் ஒரு நீர்க்கட்டி, உள்ளே தடுப்புகள் இருக்கின்றன, சிடி எடுத்துப் பார்க்கவும் என்று இருந்தது. வயிற்று வலி கேஸ் ட்ரபிள் மாத்திரையில் சரியாகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் திரும்ப யாருமே கேட்கவில்லை.

சிறுநீரகத்தில் நீர்க்கட்டி என்றாலே பயப்பட வேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களில் நிறையப் பேருக்கு ஒன்றிரண்டு இருக்கும். மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், அவ்வளவுதான், வேறு எதற்காவது ஸ்கேன் எடுக்கும்போது தெரிய வரும், அப்படியே விட்டுவிடுவார்கள். என் மூத்தார் இரண்டு கட்டிகளோடு சபரிமலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்தது அந்த வகை இல்லை. உள்ளே சுவர் சுவராகத் தடுப்புகள், அதில் ஒன்று தடித்திருக்கிறது. இதைத்தான் 'காம்ப்ளெக்ஸ் சிஸ்ட்' என்கிறார்கள்.

சிடிக்கு முன்னால் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள். படம் தெளிவாக விழ ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதனால் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதலில் தெரிய வேண்டுமாம். 0.8 இருந்தது, சரியான அளவுதான். மருந்து ஏறும்போது தொண்டையில் ஒரு சூடு கிளம்பி வயிறு வழியாக இறங்கி, படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு அடிவயிற்றில் பரவியது. டெக்னீஷியன் முன்கூட்டியே, "அப்படித்தான் இருக்கும்மா, போயிருக்க மாட்டீங்க, எந்திரிச்சிறாதீங்க" என்று சொல்லிவைத்திருந்தார். நல்ல பையன். சொல்லாமல் விட்டிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன்.

அப்புறம் முதல் யூரோ டாக்டர், அதாவது சிறுநீரக ஆபரேஷன் செய்கிறவர். அவர் மானிட்டரைத் திருப்பி எனக்குக் காட்டினார், அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. மௌஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட என் வயிறு தட்டுத் தட்டாக நகர்ந்தது, சாம்பல் நிறச் சிறுநீரகத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு வட்டம், வட்டத்துக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள். தடித்த கோட்டின் மேல் சின்னதாக ஒரு வட்டம் போட்டார், பக்கத்தில் ஒரு எண் வந்தது: 24. "இது மருந்து போடறதுக்கு முன்னாடி." இன்னொரு படத்தைத் திறந்து அதே இடத்தில் வட்டம் போட்டார்: 61. "இது போட்டதுக்கு அப்புறம். தண்ணியா இருந்தா ஏறாதும்மா. ஏறுதுன்னா அங்க ரத்த ஓட்டம் இருக்குன்னு அர்த்தம்."

அந்த எண் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு. சிடி ஸ்கேனரை உருவாக்கி 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரில் வழங்குவது. மனிதர் டாக்டர் இல்லை, இங்கிலாந்தில் இஎம்ஐ கம்பெனியில் எஞ்சினியர். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று வைத்துக்கொண்ட அளவுகோல். சாதாரண நீர்க்கட்டியின் நீர் 0-க்கும் 20-க்கும் இடையில் நிற்கும். மருந்து போட்ட பிறகு ஓரிடத்தில் 20-க்கு மேல் கூடினால் அங்கே உயிருள்ள திசு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள், 10-க்கும் 20-க்கும் இடையில் கூடினால் சந்தேகம். எனக்கு 37 கூடியிருந்தது. இருபத்தைந்து வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருப்பவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து பாஸ்னியாக் வகைப்பாடு. நியூயார்க்கில் மார்ட்டன் பாஸ்னியாக் என்ற ரேடியாலஜி டாக்டர் 1986-ல் போட்டுக் கொடுத்த பட்டியல் இது, கட்டியின் தோற்றத்தை வைத்து எது ஆபத்து, எது இல்லை என்று பிரிப்பதற்கு. முதல் இரண்டு வகைக்கும் ஒன்றும் செய்ய வேண்டாம். நான்காம் வகையில் பத்துக்கு ஒன்பது கேன்சர், எடுத்துவிடச் சொல்வார்கள். நடுவில் மூன்று இருக்கிறது, அதில் பாதிக்குப் பாதி. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே '2எஃப்' என்று ஒன்றைப் பிற்பாடு சேர்த்தார்கள், எஃப் என்றால் ஃபாலோ-அப், எடுக்க வேண்டாம், ஆனால் கண் வைத்திருக்க வேண்டும். 2019-ல் பட்டியலைத் திருத்தி மில்லிமீட்டர் கணக்கெல்லாம் சேர்த்திருக்கிறார்கள். என்னுடையது மூன்று.

டாக்டர் உடனே, "எடுத்துடலாம்மா" என்றார். நான் கட்டியைத்தான் சொல்கிறார் என்று தலையாட்டினேன். பிறகுதான் புரிந்தது, அவர் சொன்னது இடது சிறுநீரகத்தையே. "ஒரு கிட்னியோட தாராளமா இருக்கலாம், தானம் குடுத்தவங்கல்லாம் நல்லா இல்லையா?" என்று கேட்டார். அவர் பக்கத்து நியாயம் இதுதான்: கட்டியை மட்டும் வெட்டப் போய் அது உடைந்துவிட்டால் உள்ளே இருக்கிற நீர் வயிற்றுக்குள் சிந்தும், கேன்சராக இருந்தால் அது வினை, சுற்றியிருக்கும் கொழுப்போடு சிறுநீரகத்தை முழுசாக எடுத்தால் அந்தப் பயம் இல்லை. நியாயமான பயம்தான்.

ஆனால் எனக்குக் கேன்சரை விடப் பெரிய பயம் வேறு ஒன்று இருக்கிறது. என் அம்மா கடைசி நான்கு வருஷம் டயாலிசிஸில் இருந்தார். சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். கையில் டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் விரல் வைத்தால் உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு இருக்கும், என் பெண் சின்ன வயதில் ஆச்சியின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிடுவாள். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். மே மாத வெயிலில், திருச்சியில், தம்ளரில் கோடு போட்டுக் குடிப்பது என்ன என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் சர்க்கரை வந்தது. எனக்கு இப்போது நாற்பத்தொன்பது, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1, அதாவது வாசலில் நிற்கிறேன். சிறுநீரகம் தானம் கொடுப்பவரை, சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று சல்லடை போட்டுச் சலித்துத்தான் எடுப்பார்கள். அந்தச் சல்லடையில் நான் தேறியிருக்க மாட்டேன். அவர்களை எனக்கு உதாரணம் காட்டினால் எப்படி? இதை நான் டாக்டரிடம் கேட்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், பாவம், அவர் என்ன சொல்வார்.

சென்னையில் இருக்கும் அக்காவுக்கு அன்று ராத்திரியே செய்தி போய்விட்டது. "ஏண்டி, எடுன்னா எடுத்துட்டு வேலையப் பாரு, உள்ள வச்சுகிட்டு பரவ விடப் போறியா?" என்கிறாள். பெங்களூரில் இருக்கும் தம்பி அதற்கு நேர் எதிர்: "அக்கா, பாதிக்குப் பாதி ஒண்ணும் இல்லாததுன்னா எதுக்கு வெட்டணும்? வெயிட் பண்ணு." மாமியார் வேலூர் போகச் சொன்னார், எங்கள் பக்கத்தில் எந்த வியாதிக்கும் கடைசியில் வேலூர்தான். சக டீச்சர் ஒருவர் வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சிமுள் கசாயமும் கொண்டுவந்து கொடுத்தார். கல்லுக்கு என்று நம்மூரில் குடிப்பதுதான், இதுவோ தடுப்பில் ரத்தம் ஓடுகிற கட்டி. அன்போடு கொடுத்தார், வாங்கிக் குடித்தேன், வாழைத்தண்டு எனக்குப் பிடிக்கும்.

ஊசி குத்திப் பார்த்தால் தெரியாதா என்று நானும்தான் கேட்டேன். தைராய்டு கட்டிக்குக் குத்துகிறார்களே, மார்புக் கட்டிக்குக் குத்துகிறார்களே. இதில் சிக்கல் என்னவென்றால் கட்டிக்குள் பெரும்பகுதி நீர்தான். அந்த நீரில் செல்லே சரியாகக் கிடைக்காது. தடுப்பு நாலு மில்லிமீட்டர், அதைக் குறிபார்த்துக் குத்தி எடுத்தாலும் கெட்ட செல் இல்லாத ஓரத்தில் ஊசி பட்டிருந்தால் ரிப்போர்ட் நல்லபடியாகத்தான் வரும், அதை நம்ப முடியாது. கேன்சர் என்று வந்தால் அதற்கு அர்த்தம் உண்டு, இல்லை என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. நீர் கசியும் என்ற கவலையும் உண்டு. கெட்டியான சதைப்பகுதி பெரிதாக இருந்தால் குத்திப் பார்ப்பார்களாம், எனக்கு அப்படி இல்லை.

சரி, பாதிக்குப் பாதி. இந்த 50 சதவீதத்தை எல்லோரும் ஒரு மாதிரி புரிந்துகொள்கிறார்கள். அக்கா காதில் அது 'பாதிப் பேர் செத்துப்போகிறார்கள்' என்று விழுந்திருக்கிறது. அது அப்படி இல்லை. மூன்றாம் வகைக் கட்டியை வெட்டி எடுத்துச் சோதித்தால் ஏறக்குறைய பாதியில் கேன்சர் செல் இருக்கிறது, அவ்வளவுதான். அதிலும் ஒரு உள்கணக்கு இருக்கிறது. இந்த எண் வெட்டி எடுத்தவர்களை மட்டும் வைத்துப் போட்டது, வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர்களின் கட்டிக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர்கள் எடுக்கச் சொல்வது பார்க்கக் கொஞ்சம் மோசமாக இருப்பதைத்தானே? அப்படியென்றால் மொத்தமாகப் பார்த்தால் பாதிக்கும் குறைவாக இருக்க வாய்ப்பிருக்கிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்தும்போது, வகுக்கும் எண்ணில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

அப்புறம் இன்னொன்று. கேன்சராகவே இருந்தாலும், நீர்க்கட்டி வடிவத்தில் வரும் சிறுநீரகக் கேன்சர் கெட்டிக் கட்டியாக வருவதை விட சாது. மெதுவாக வளரும், பரவுவது அபூர்வம். அதில் ஒரு ரகத்தை, பல அறைகள் கொண்ட கட்டியை, 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் கேன்சர் என்ற சொல்லையே எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவு சாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், மூன்றாம் வகைக் கட்டி உள்ளவர்களில் ஒருவருக்குக் கேன்சர் பரவாமல் தடுக்க 140 பேருக்கு ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நூற்று நாற்பது! மீதி 139 பேருக்கு ஒன்று கட்டியில் ஒன்றுமே இருந்திருக்காது, இல்லை இருந்தும் பரவியிருக்காது. இந்த எண்ணைப் படித்த அன்று, தம்பி சொன்னதுதான் சரி, பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் ரொம்ப ஆடுவான்.

படங்களை வேறு ஒரு ரேடியாலஜி டாக்டரிடம் கொடுத்துப் பார்த்தோம். அவர், தடுப்பு 3 மில்லிமீட்டர்தான், இது 2எஃப் என்றார். புதிய விதிப்படி 3 என்றால் 2எஃப், 4 என்றால் மூன்றாம் வகை. ஒரு மில்லிமீட்டர்! என் தலையெழுத்து பென்சில் முனை அகலத்தில் தொங்குகிறது. இப்படி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வது இதில் சகஜம், சர்ச்சையே 2எஃப்புக்கும் மூன்றுக்கும் இடையில்தான் அதிகம் வருமாம். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். அதில் சிடியில் தெரியாத தடுப்புகள் கூடத் தெரியும், அதனாலேயே சில சமயம் வகை ஒரு படி ஏறிவிடும் என்று முன்பே எச்சரித்தார்கள். அந்தக் குழாய்க்குள் முக்கால் மணி நேரம், தலைக்கு மேல் யாரோ தகரக் கொட்டகையில் ஆணி அடிக்கிற சத்தம். முடிவு: 4 மில்லிமீட்டர், ஓரிடத்தில் ஒழுங்கற்ற தடிப்பு, மூன்றாம் வகை, சந்தேகம் வேண்டாம்.

இரண்டாவது யூரோ டாக்டரை மதுரையில் பார்த்தோம். தம்பியின் நண்பருடைய அப்பாவுக்கு ஆபரேஷன் செய்தவர். வயதில் சிறியவர், பேச்சு குறைவு. படங்களைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் அவரைக்காய் மாதிரி ஒரு சிறுநீரகம் வரைந்தார். நடு வளைவில் ரத்தக் குழாய்கள் நுழைகிற இடம். கீழ் முனையில் ஒரு வட்டம், அதில் பாதிக்கு மேல் கோட்டுக்கு வெளியே. "டீச்சர், உங்க அதிர்ஷ்டம் இது வெளிய துருத்திகிட்டு இருக்கு. நடுவுல குழாய் கிட்ட இருந்திருந்தா நானும் முழுசா எடுக்கறதப் பத்தித்தான் பேசியிருப்பேன். இத கட்டிய மட்டும், சுத்தி கொஞ்சம் நல்ல சதையோட எடுத்துட்டுத் தைச்சுடலாம்." நாலு சென்டிமீட்டருக்குள் இருந்தால், முடிகிற இடத்தில் இருந்தால், பகுதியை மட்டும் எடுப்பதுதான் இப்போது முதல் தேர்வு என்றார். முழுச் சிறுநீரகத்தைத் திட்டமிட்டு எடுத்த முதல் ஆபரேஷன் 1869-ல் ஜெர்மனியில், குஸ்டாவ் சைமன் செய்தது. பதினெட்டு வருஷத்திலேயே, 1887-ல், கட்டி இருந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார் வின்சென்ஸ் செர்னி. இதை நான் பிறகு வீட்டில் வந்து படித்தது, டாக்டர் சொன்னதில்லை, அவருக்கு வெளியே வரிசையில் முப்பது பேர்.

"இப்ப வேணாம், பாத்துகிட்டே இருக்கலாம்னா?" என்று கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை, "அதுவும் தப்பில்ல" என்றார். ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், ஒரு வருஷத்தில் ஒன்று, பிறகு வருஷத்துக்கு ஒன்று, குறைந்தது ஐந்து வருஷம். கட்டி வளர்ந்தாலோ, உள்ளே சதை முளைத்தாலோ அப்போது எடுப்பது. "எங்கம்மாவுக்கு எழுபத்தி ரெண்டு வயசு, ஹார்ட்ல ஸ்டென்ட் இருக்கு, இதே கட்டி அவங்களுக்கு இருந்தா தொடவே மாட்டேன்." அப்படியென்றால் எனக்கு? அதற்கு அவர், "நீங்க முடிவு பண்ணுங்க, ரெண்டுக்கும் நான் ரெடி" என்றார். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, நம்மூரில் டாக்டர் என்றால் அவர்தானே சொல்ல வேண்டும். இவர்கூட வெளியே வந்து, "என்ன டாக்டர் இவரு, நம்மளையே கேக்கறாரு" என்றார்.

ஆனால் அந்த அவரைக்காய்ப் படம்தான் எனக்கு வழி காட்டியது. அதுவரை கேன்சரா இல்லையா என்பதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன், அதற்கு எடுக்காமல் பதில் கிடைக்காது. பதில் கிடைக்கிற கேள்வி வேறு: இந்தக் கட்டியை எடுக்க நான் எவ்வளவு சிறுநீரகத்தை இழக்க வேண்டும்? முழுசும் என்றால், 140-ல் ஒன்று என்கிற கணக்கு போதும், நான் காத்திருக்கிற பக்கம்தான் போயிருப்பேன், அக்கா எவ்வளவு கத்தினாலும். ஒரு முனையை மட்டும் என்றால் அது கொடுக்கக்கூடிய விலை. இன்னொன்று, இன்றைக்குக் கட்டி வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. காத்திருந்து, அது உள்பக்கமாக வளர்ந்து குழாய்கள் பக்கம் போய்விட்டால் அப்போது பகுதியை மட்டும் எடுக்கும் வாய்ப்பே போய்விடலாம், கேன்சர் பரவாவிட்டாலும் சிறுநீரகம் போய்விடும். அந்த 140 கணக்கில் இது இல்லை, அது பரவுவதை மட்டும் பார்க்கிற கணக்கு. எனக்கு வேண்டியது சிறுநீரகக் கணக்கு.

என் வயதும் ஒரு காரணம். எழுபதில் ஐந்து வருஷம் பார்ப்பது வேறு, நாற்பத்தொன்பதில் ஆரம்பித்தால் ஐந்தோடு முடிகிறதா என்ன. போதாததற்கு, செக்கப் தேதியைத் தள்ளிப் போடுவது எங்கள் குடும்பத்துப் பரம்பரை வியாதி. முதல் வருஷம் ஒழுங்காகப் போவேன். மூன்றாவது வருஷம் அரையாண்டுப் பரீட்சை, பெண் கல்யாணம், யாரோ கிரகப்பிரவேசம் என்று ஒன்று வரும். என்னை எனக்குத் தெரியும்.

இதை எல்லோருக்குமான முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே மூன்றாம் வகை, இதே அளவு, ஆனால் நடுவில் இருந்தால் நான் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்க மாட்டேன். இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்திருந்தாலும் மாட்டேன். அதே சமயம், ஒரே ஒரு டாக்டர் சிறுநீரகத்தை முழுசாக எடுக்கச் சொல்லிவிட்டார் என்றால், எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், பகுதியை மட்டும் எடுக்க முடியுமா, நீங்கள் அதைச் செய்வதுண்டா, வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். செய்யாதவரிடம் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், செய்கிறவரைத் தேடிப் போங்கள். மதுரை டாக்டரிடம் இவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எண்ணைச் சொன்னார்.

பகுதி ஆபரேஷன்தான் சுலபம் என்றும் நினைக்க வேண்டாம், முழுசாக எடுப்பதை விட இதுதான் நுணுக்கமான வேலை. சிறுநீரகத்துக்கு ரத்தம் வருகிற தமனியில் கிளிப் மாட்டி ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கட்டியை உடையாமல் வெட்டி, உள்ளே திறந்த குழாய்களைத் தைத்து, கிளிப்பை எடுக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது நிமிஷத்துக்குள் முடித்தால் நல்லது, நேரம் போகப்போக மிச்சம் இருக்கும் சிறுநீரகத்துக்குக் கேடு. ரத்தக் கசிவு வரலாம், தைத்த இடத்தில் சிறுநீர் கசியலாம், அப்படிக் கசிந்தால் உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து ஆற விடுவார்கள். ஒரு சிலருக்கு வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சிறுநீரில் ரத்தம் வரும், அப்படி வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே கிளம்பி வரச் சொல்லியிருக்கிறார். சின்னத் துளைகள் வழியாக கேமரா வைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா, ரோபோட்டா என்று ஒரு பட்டிமன்றம் ஓடியது. ரோபோட்டில் தையல் போடுவது சௌகரியம், ஆனால் செலவு அதிகம். இந்த டாக்டர் லேப்ராஸ்கோப்பியிலேயே கை தேர்ந்தவர் என்பதால் அதோடு நின்றுவிட்டோம்.

சம்மதப் படிவத்தில், தேவைப்பட்டால் முழுச் சிறுநீரகத்தையும் எடுக்கச் சம்மதம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். இவ்வளவு அலைந்தது அதைத் தவிர்க்கத்தானே? டாக்டர் சொன்னார், ரத்தப்போக்கு கட்டுக்கு அடங்காமல் போனால் உயிரா கிட்னியா என்று வரும், அந்த நேரத்தில் உங்களை எழுப்பிக் கேட்க முடியாது என்று. அது சரிதான். ஆனால் எந்தெந்த நிலைமையில் என்று சொல்லுங்கள் என்றேன். ரத்தம் நிற்காவிட்டால், அல்லது உள்ளே போய்ப் பார்க்கும்போது கட்டி பெரிய குழாய்க்குள் இறங்கியிருந்தால், இந்த இரண்டு மட்டும் என்றார். அதைக் கையால் எழுதிக் கொடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். எழுதச் சொல்லலாம், எழுதவும் செய்வார்கள். நிறையப் பேருக்கு இது தெரியாது.

காப்பீடுதான் இன்னும் இழுக்கிறது. கேன்சர் என்று பயாப்சி ரிப்போர்ட் கொடுங்கள் என்கிறார்கள். பயாப்சி செய்ய முடியாது என்பதால்தான் ஆபரேஷன், ஆபரேஷன் செய்தால்தான் பயாப்சி. இதை போனில் ஒரு பெண்ணுக்கு விளக்கினேன், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம், ஆனா பயாப்சி ரிப்போர்ட் அப்லோட் பண்ணிடுங்க" என்றது. டாக்டர் ஒரு கடிதம் எழுதி, இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். வராவிட்டால் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று இவர் சொல்கிறார். பி.எஃப். பணத்தில் கை வைக்க வேண்டி வரும்.

அக்கா இப்போது சமாதானம், எப்படியோ எடுக்கிறேன் அல்லவா, அது அவளுக்குப் போதும். தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, 140 கணக்கை நானே அவனுக்கு அனுப்பித் தொலைத்தேன், அதை வைத்துக்கொண்டு வாதாடுகிறான். லீவு போட்டு வந்து ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்குவதும் அவன்தான்.

சில வாரங்களுக்கு வெயிட் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பகுதி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், எத்தனை வாரத்தில் ஸ்கூட்டி ஓட்டினீர்கள், தொடர்ந்து நாலு பீரியட் நின்றுகொண்டு வகுப்பு எடுக்க எப்போது முடிந்தது என்று எழுதுங்கள். ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்துவிடுவார்கள், ஹெட்மாஸ்டர் இப்போதே டைம்டேபிளை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.